செயலாளரின் ஆண்டறிக்கை: கல்மரம் பயின்ற ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் செயற்குழு நான்கு முறை கூடியது. மரக்கன்று நடுதல், ஏரிக்கரையில் பறவை காணல், மாணவர்க்கான ஓவியப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின.

சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து ஏற்கப்பட்ட, கல்லாக மாறிய பழங்கால மரங்களைப் படிக்கும் கல்மரப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரார் சொல்லிவந்த இவற்றைப் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னேரா 1781-இல் பதிவு செய்தார். நம்மில் பலர் அவ்வூர் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பலமுறை சென்றும் கல்மரப் பூங்காவிற்குள் ஒருமுறையும் நுழைந்ததில்லை என்பதே நான் இப்பணியை வற்புறுத்தக் காரணம்.

முதலில் மர இழைப்பகத்தில் கழித்துப்போட்ட மா, புளி, மருதுத் துண்டுகளைப் பெற்று, குறுக்குவெட்டு முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, கைலென்சில் பார்த்துப் பழகினோம். தண்ணீருக்குக் குறைவில்லாத இடத்து மரங்களில், வேரிலிருந்து நீரை மேலேற்றும் நுண்ணிய நீர்க்குழாய்கள் பொதுவாக அகன்றிருக்கும். வறட்சிக்குப் பழகிய மரங்களில் அவை குறுகி, நெருங்கி அமையும். வளர்ச்சி வளையம் தெளிவாக விழுந்திருந்தால், வளரும் பருவமும் வளராத பருவமும் மாறிமாறி வந்ததாகக் கொள்ளலாம். மணலில் விரைவாகப் புதையுண்ட மரத்தினுள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, உயிரணுச் சுவர்களிலும் குழிகளிலும் படிந்து இறுகுவதால்தான், இத்தனை நுட்பமும் கல்லான பின்னும் அழியாமல் நிற்கிறது. ஆய்வாளர்கள் அக்கல்லை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவச் செய்து, நுண்ணோக்கியில் படிக்கிறார்கள்.

திருவக்கரையில் மா, புளி, குங்கிலியம் ஆகியவற்றின் குடும்ப மரங்களுடன் பைன் போலக் கூம்பு தாங்கும் வகையைச் சேர்ந்த ஒரு கூம்பு மரமும் அறியப்பட்டுள்ளது. கூம்பு மரத்தில் அகன்ற நீர்க்குழாய்களே இல்லை என்பதால் அதன் வெட்டுமுகத்தைப் பிரித்தறிவது எளிது. தொல்தாவர அறிஞர் பீர்பால் சாஹ்னி ஆராய்ந்த இம்மரம் போடோகார்ப்பஸ் குடும்பத்தை ஒத்தது. அக்குடும்பத்தில் தென்னிந்தியாவில் இன்று இயற்கையாக வளரும் ஒரே இனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில்தான் உள்ளது. ஆகவே அன்று இப்பக்கம் மழை மிகுதி என்று கருத இடமுண்டு. எனினும் ஒரு மரத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது. குங்கிலியக் குடும்பத்திலேயே சில இனங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளிலும் வளர்கின்றன. மேலும், இங்குள்ள தண்டுகளில் கிளையோ வேரோ இல்லாமையால், இவை வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்கிறார்கள். அப்படியெனில் இவை சொல்லும் காலநிலை, கிடக்கும் இடத்தினுடையது மட்டுமன்று, ஆறு வந்த வழியினுடையதும் ஆகும்.

திருவக்கரைப் பயணத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். வேன் புறப்பட்டபோது இருந்தவர்கள் 9 பேர். வராதோரில் மூவர் மட்டுமே முன்னதாகத் தெரிவித்தனர். வந்தவர்களிலும் ஒருவர் ஒரு கல்மரச் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வற்புறுத்தி எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்தேன். அதனால் அவருக்கு என்மேல் வருத்தம் இருப்பதை அறிவேன். ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு சில்லு எடுத்தால் பூங்காவில் என்ன மிஞ்சும்?

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வேன் வாடகையால் செலவு சற்றுக் கூடி, சேமிப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. 64 உறுப்பினரில் 27 பேரின் சந்தா இன்னும் வரவில்லை. அவர்களுள் சிலருக்கு இரண்டாண்டு நிலுவை உண்டு.

துண்டுகளை விலையின்றித் தந்த இழைப்பகத்தாருக்கும், கூட்டங்களுக்கு இடமளித்த பள்ளி நிர்வாகத்திற்கும், துணைச் செயலாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குச் செல்ல விரும்புகிறேன். நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அங்கு உள்ளது; டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தில் கடல் பரவியிருந்தபோது அடித்துவரப்பட்டு மூழ்கிய மரம் அது. ஒரு நுண்ணோக்கியும் வாங்க வேண்டும். சந்தா வந்தால் இரண்டும் கைகூடும். ஆறாண்டு இப்பொறுப்பில் இருந்துவிட்டேன். வேனை நிரப்ப உறுப்பினர்கள் முன்வருவார்களாயின் ஏழாம் ஆண்டிலும் பணியாற்ற ஆயத்தமாக உள்ளேன். நிலுவைத் தொகையைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்