கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கட்டி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயம் ஆனதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முகூர்த்தத் தேதி குறித்ததும் எழுது, ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்தால்தான் உண்டு. மற்றபடி வீட்டில் அனைவரும் நலம்.

நீ கேட்டது இரண்டு விஷயம். உங்கள் ஆய்வகத்துப் புதுப் பெட்டியில் 1 சதவீத ஆக்சிஜனில் வைத்த செல்களில், ஆக்சிஜன் குறைந்தால் கூடும் ஹிஃப் புரதம் பொங்கி வழிகிறது, ஆனால் எக்ஸ் கதிர் கொடுத்தால் சாதாரண செல்களைப் போலவே சாகின்றன, ஏன் என்பது ஒன்று. உன் சக ஆசிரியரின் அண்ணனுக்குத் தொண்டையில் புற்று, அடுத்த வாரம் கரன்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்கத் தொடங்குகிறார்கள், யாரோ அவரை ஆக்சிஜன் அறையில் படுக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் கிடக்கிறது. முதலில் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நம் டெல்டாவில் கடைமடை என்கிறோமே, அதேதான். 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றின் வெட்டுத் துண்டுகளை நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார்கள். கதிர் அளவுக்கு இன்று நாம் சொல்லும் ‘கிரே’ இவர் பெயர்தான். செல்கள் தண்டு தண்டாக நிற்கின்றன, ரத்தநாளம் தண்டுக்கு வெளியே ஓடுகிறது. ஆரம் 160 மைக்ரானுக்குக் குறைந்த தண்டில் செத்த பகுதியே இல்லை. 200 மைக்ரானைத் தாண்டிய தண்டு ஒவ்வொன்றின் நடுவிலும் செத்த திசு. அது எவ்வளவு பெரிதானாலும், சுற்றி உயிரோடு நிற்கும் விளிம்பு மட்டும் 180 மைக்ரானைத் தாண்டவில்லை. ரத்தநாளத்திலிருந்து கசியும் ஆக்சிஜனை வழியில் உள்ள செல்களே குடித்துத் தீர்த்துவிடுகின்றன. அது போய்ச் சேரும் தூரம் சுமார் 150 மைக்ரான் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். செல்கள் எவ்வளவு வேகமாகக் குடிக்கின்றன என்பதைப் பொறுத்து இது 70 மைக்ரான் வரைகூடக் குறையும். ஒரு தலைமுடியின் கனம், அவ்வளவுதான்.

செத்துப்போன நடுப்பகுதியால் தொல்லை இல்லை. செத்ததற்கும் நன்றாக இருப்பதற்கும் இடையே அரை உயிராக ஒரு வரிசை நிற்கிறதே, அதுதான் தொல்லை. போதாததற்கு, கட்டியின் ரத்தநாளங்கள் ஒழுங்கில்லாதவை. கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டு, சில நிமிடம் அடைத்துக்கொண்டு பிறகு திறக்கும். முறைப்பாசனம் மாதிரி, இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அது. 1979இல் மார்ட்டின் பிரவுன் இதைச் சுட்டிக்காட்டியபின், நிரந்தரக் கடைமடை வேறு, தற்காலிக அடைப்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறார்கள். சிகிச்சைக்கு இந்தப் பிரிவு முக்கியம். முதலாவதற்கு ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு. இரண்டாவதற்கு, குழாயே மூடியிருக்கும்போது ரத்தத்தில் எவ்வளவு ஏற்றினாலும் அங்கே போகாது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் கட்டி வாடிவிடும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. செல்லுக்குள் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு நொதி அதன் புரோலின் 402, 564 ஆகிய இரு இடங்களில் ஹைட்ராக்சில் முத்திரை குத்தும். வி.எச்.எல். புரதம் அந்த முத்திரையைக் கண்டு குப்பைக்கு அனுப்பும். ஐந்து நிமிடத்தில் பாதி காலி. முத்திரை குத்துவதற்கு ஆக்சிஜனே மூலப்பொருள் என்பதால், அது குறைந்தால் ஹிஃப் தப்பித்து உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். புது ரத்தநாளத்தை அழைக்கும் வி.இ.ஜி.எஃப்., சர்க்கரையை உள்ளே இழுக்கும் குளுட்-1, அமிலத்தைச் சமாளிக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ்-9, சுற்றியிருக்கும் நாரை இறுக்கிப் பரவலுக்கு வழிவிடும் லைசில் ஆக்சிடேஸ் எல்லாம் அதில் அடக்கம். நோயை எதிர்க்கும் டி-செல்களை மந்தமாக்கும் பி.டி.-எல்1 கூட இதே சாவியில் திறக்கிறது. இந்த முத்திரைக் கதையை அவிழ்த்த கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019 நோபல்.

இன்னொன்றும் நடக்கிறது. ஆக்சிஜன் பஞ்சத்தில் சாதாரண செல்லை பி53 என்ற காவல் புரதம் தற்கொலைக்குத் தள்ளும். பி53 பழுதான செல் தப்பிக்கும். ஆக, பஞ்சமே மோசமான செல்களைப் பொறுக்கி எடுத்து வளர்க்கும் நாற்றங்கால் ஆகிவிடுகிறது. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து ஹோக்கெலும் வாப்பெலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ஊசி மின்முனையைச் செருகி அளந்தார்கள். சாதாரணத் திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டி, கட்டிகளில் சராசரியாக 10 அளவில். பத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று 1996இல் எழுதினார்கள். கதிரே வைக்காமல் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களிலும் அதே கதை. கதிருக்கு மசியாதது ஒரு பாதி, கட்டியின் குணமே கெட்டுப்போவது மறுபாதி.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். எக்ஸ் கதிர் டி.என்.ஏ.வில் ஒரு ராடிக்கலை, அதாவது எதனோடாவது ஒட்டத் துடிக்கும் உடைசலை, உண்டாக்குகிறது. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு சேதம் நிலைத்துவிடும். இல்லாவிட்டால் செல்லுக்குள் இருக்கும் குளூடாதயோன் போன்றவை ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துப் பழையபடி ஆக்கிவிடும். இந்தப் போட்டி மில்லி நொடிகளில் முடிந்துவிடுகிறது. முழு ஆக்சிஜனில் ஒரு செல்லைக் கொல்ல 2 கிரே போதுமென்றால், துளியும் இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட 6 கிரே வேண்டும். இந்த மூன்று மடங்கு எந்த அழுத்தத்தில் கரைகிறது என்பதுதான் உன் சிக்கல். ஆல்பரும் ஹாவர்ட்-ஃப்ளாண்டர்ஸும் 1956இல் தந்த சூத்திரம் எளிது: ஆக்சிஜன் அழுத்தத்தை (மி.மீ. பாதரசத்தில்) மூன்றால் பெருக்கி 3 கூட்டு, அதை அழுத்தத்தோடு 3 கூட்டியதால் வகு. 1 சதவீதம் என்றால் ஈர ஆவியைக் கழித்து 7 மி.மீ.; விடை 2.4, துளியும் ஆக்சிஜன் இல்லாத செல்லைப் போல அத்தனை மடங்கு உணர்திறன். அதாவது உன் செல்கள் முழு உணர்திறனில் 80 சதவீதத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. 0.1 சதவீதத்துக்கு இறக்கினால் 1.4 ஆகும். ஹிஃப் விழித்துக்கொள்ளும் அளவும் கதிர் எதிர்ப்பு வரும் அளவும் வேறு வேறு. உன் சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது, எதிர்பார்ப்புதான் தவறு.

0.1க்கு இறங்கும்போது சில இடங்களில் கால் வாரும். பெட்டியின் சென்சார் காட்டுவது காற்றின் அளவு. செல் இருப்பது திரவத்தின் அடியில். காற்றில் வைத்த மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) லிட்டருக்கு 200 மைக்ரோமோல் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும், அசையாத திரவத்திலிருந்து அது வெளியேற மணிக்கணக்காகும். முந்தின இரவே மீடியத்தை அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடு, மறுநாள் அங்கேயே மாற்று. பாலிஸ்டைரீன் தட்டு இன்னொரு திருடன். பிளாஸ்டிக்கே ஆக்சிஜனை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல விடும். இந்த அளவுக்குக் கண்ணாடித் தட்டுதான் சரி. நேர்மாறான தப்பும் உண்டு. செல்களை நெருக்கமாக விதைத்தால் அவையே குடித்து அடியில் 1 சதவீதத்தைப் பூஜ்யமாக்கும், கூடவே அமிலமும் ஏறும். இரண்டு தட்டில் விதைப்பு எண்ணிக்கை வேறானால் இரண்டு வேறு சோதனை என்றே வைத்துக்கொள். கதிர் இயந்திரத்துக்கு எடுத்துப் போகும்போது பெட்டிக்குள்ளேயே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். மூடி சற்றுக் கசிந்தாலும் போகிற வழியிலேயே எல்லாம் பாழ். ஹிஃப் பார்ப்பதற்கான செல்களையும் உள்ளேயே உடைத்துவிடு. மேசைக்குக் கொண்டுவந்து ஐஸ் தேடுவதற்குள் பாதி போயிருக்கும்.

ஆக்சிஜனைக் குறைப்பதற்குப் பதில் கோபால்ட் குளோரைடு போட்டால் போதாதா என்று உன் மாணவர் கேட்டதற்கு: போதாது. அது முத்திரை குத்தும் நொதியைத் தடுக்கிறது, ஆக்சிஜன் அப்படியேதான் இருக்கும். ஹிஃப் ஏறும், கதிர் சேதம் நிலைப்பதை அது தடுக்காது. இரண்டையும் ஒன்றாக்கி வரும் கட்டுரைகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்து அண்ணன் விஷயம். ஆக்சிஜன் அறை யோசனை புதிதல்ல. 1955இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் நோயாளியை மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் நிரம்பிய தொட்டிக்குள் படுக்கவைத்து, அந்தத் தொட்டிக்குள்ளேயே கதிர் கொடுத்தார். தர்க்கம் சரி. சாதாரணமாகவே ஹீமோகுளோபின் 97 சதவீதம் நிரம்பியிருப்பதால், மூக்கில் குழாய் வைப்பதால் பெரிதாக ஏறாது. 100 மி.லி. ரத்தத்தில் தனியே கரைந்திருப்பது 0.3 மி.லி. ஆக்சிஜன்தான். மூன்று மடங்கு அழுத்தத்தில் அது 6 மி.லி. ஆகும். கழுத்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் கட்டுப்பாடு கூடவும் செய்தது. ஆனால் வலிப்பு, காது வலி, தொட்டிக்குள் மூச்சுத் திணறும் பயம், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நீண்ட ஏற்பாடு எல்லாம் சேர்ந்து அதை ஓரங்கட்டிவிட்டன. இப்போது யாரோ சொல்வதோ, தனியாக ஒரு மணி நேரம் அறையில் படுத்துவிட்டு மறுநாள் கதிருக்குப் போவது. மில்லி நொடிப் போட்டி என்றேனே, கதிர் பாயும் கணத்தில் இல்லாத ஆக்சிஜனால் பயனில்லை. கதிரால் பின்னாளில் தாடை எலும்பு கெட்டவர்களுக்கு இந்த அறையைப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு கணக்கு.

அறைக்குப் பதிலாக ஆக்சிஜன் போல நடிக்கும் மருந்தும் வந்தது. டென்மார்க்கில் ஓவர்கார்ட் குழுவின் டஹான்கா 5 ஆய்வில் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் ஒன்றரை மணி நேரம் முன்பு நிமோரசோல் கொடுத்தார்கள். ஐந்தாண்டில் தொண்டைக் கட்டியின் கட்டுப்பாடு 33இலிருந்து 49 சதவீதமானது. அங்கே அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. பிரிட்டனின் நிம்ராட் ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய மிசோனிடசோல் கை கால் நரம்புகளைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. ஆக்சிஜன் இல்லாத செல்லை மட்டும் கொல்லும் டிராபசமீன் கதை இன்னும் கசப்பு. 861 பேர் சேர்ந்த பெரிய ஆய்வில் மருந்தால் வித்தியாசம் வரவில்லை. பிற்பாடு கதிர்த் திட்டங்களைத் தணிக்கை செய்தபோது, சுமார் 12 சதவீதம் பேருக்குக் கட்டியின் பகுதி விட்டுப்போவது போன்ற பெரிய பிழைகள் தெரிந்தன. அவர்களில் இரண்டாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 50 சதவீதம், சரியாகக் கொடுக்கப்பட்டவர்களில் 70. ஆக்சிஜன் பஞ்சத்துக்கான எந்த மருந்தும் தந்ததைவிட இந்த 20 பெரிது.

என் பார்வையில் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சறுக்கியதற்குப் பெரிய காரணம் ஒன்று: யாருடைய கட்டியில் ஆக்சிஜன் குறைவு என்று பார்க்காமலே எல்லோரையும் சேர்த்தார்கள். நன்றாகப் பாயும் வயலுக்கும் மோட்டார் போட்டால் விளைச்சல் எங்கே கூடும்? ஆக்சிஜன் குறைந்த இடத்தைக் காட்டும் எஃப்-மிசோ பெட் ஸ்கேனில் ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து படமெடுத்தால், 10 மி.மீ.க்குக் கீழான இடத்தில் மட்டும் மருந்து தங்கித் தெரியும். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் இதைத் தலைகீழாகவும் ஆய்வில் பயன்படுத்திப் பார்த்தார்கள். எச்.பி.வி. என்ற வைரஸ் சார்ந்த தொண்டைப் புற்றில், ஸ்கேனில் பஞ்சம் தெரியாதவர்களுக்கு 70 கிரேவுக்குப் பதில் 30 கிரே. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் ஸ்கேன் அல்ல. அந்த அண்ணனுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம்.

அவர் செய்யக்கூடியவை வேறு. பீடியோ சிகரெட்டோ இருந்தால் இன்றே நிறுத்தட்டும், ‘சிகிச்சை முடிந்ததும்’ என்பதெல்லாம் வேண்டாம். புகையின் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, மிச்சமுள்ள ஆக்சிஜனையும் திசுவுக்கு விடாமல் இறுக்குகிறது. கனடாவில் 1993இல் வந்த ஆய்வில், கதிர் சிகிச்சையின்போது புகைத்தவர்களில் கட்டி முழுதும் கரைந்தது 45 சதவீதம், புகைக்காதவர்களில் 74. அடுத்து, முதல் நாளிலிருந்தே ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல். மிகக் குறைவாக இருந்தால் மருத்துவர் ரத்தம் ஏற்றுவார். ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசி கேட்டு நச்சரிக்க வேண்டாம். 2003இல் ஹென்கெ குழுவின் ஆய்வில் அந்த ஊசி போட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது, நோயோ மேலும் மோசமானது.

சிட்டிங்கை விடக் கூடாது. வாரம் ஐந்து, மொத்தம் 35 என்று நீட்டுவது ஏன் என்று அவர் சலித்துக்கொண்டால் இதைச் சொல்: ஒவ்வொரு முறையும் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த செல்கள் சாகச் சாக, பின்வரிசைக்கு ஆக்சிஜன் எட்டுகிறது. நேற்று தப்பித்தது இன்று மாட்டும். ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்தால் கடைமடை அப்படியே நின்றுவிடும். இடையில் நாளை விட்டாலோ, மிச்சம் பிழைத்தவை பெருக நேரம் கிடைக்கிறது. பல் பிடுங்குவது, உணவு செலுத்தும் குழாய் வைப்பது எல்லாம் தொடங்கும் முன்பே முடித்துவிடச் சொல். நடுவில் தடங்கல் வருவது அதனாலும்தான்.

0.1 சதவீதத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்களோடு எழுது. எந்தத் தட்டு, எத்தனை மி.லி. மீடியம், ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை செல் என்பதையும் குறிப்பிடு; அது இல்லாமல் பார்த்தால் எனக்கு ஒன்றும் பிடிபடாது.

அன்புடன்,
இளங்கோ