அடுத்த படத்துக்காக இந்தப் படத்தை அடகு வைக்காதீர்கள்: மார்வெல் ஸ்டூடியோஸுக்கு ஒரு திறந்த மடல்

மார்வெல் ஸ்டூடியோஸ் நிறுவனத்தின் தலைவர் கெவின் ஃபைகி அவர்களுக்கும், அங்கே கதைகளைத் திட்டமிடும் குழுவினருக்கும்,

வணக்கம்.

‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படம் 2026 டிசம்பரில் திரைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள் திரும்பி வருகிறார்கள். அயர்ன் மேனாக நாங்கள் பத்தாண்டுக்கும் மேலாகப் பார்த்த ராபர்ட் டவுனி ஜூனியர் இம்முறை டாக்டர் டூம் என்ற வில்லனாக வருகிறார். நடிகர்களின் பெயர் எழுதிய நாற்காலிகளை மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகக் காட்டியே நடிகர் பட்டியலை வெளியிட்டீர்கள். அந்த நாற்காலி வரிசை நீள நீள, எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் வந்தது. அந்தக் கலக்கத்துக்குப் பெயர் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் உலகைக் காக்கப் படைத்த அல்ட்ரான் என்ற இயந்திரம், மனித இனத்தையே அழிக்கக் கிளம்பும் கதை அது. 2015-இல் வந்த அந்த அவெஞ்சர்ஸ் இரண்டாம் பாகத்தை நான் விரும்புகிறேன், அதன்மீது எனக்குக் கோபமும் இருக்கிறது. பத்தாண்டு கடந்தும் இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை. அதே அளவு கூட்டத்தோடு இன்னொரு படத்தை நீங்கள் முடித்துக்கொண்டிருக்கும் இவ்வேளையில் அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

தமிழில் எழுதுவது குறித்து ஒரு சொல். உங்கள் படங்களைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிடுகிறீர்கள். 2019-இல் ‘எண்ட்கேம்’ படத்துக்கு விஜய் சேதுபதியை அழைத்து அயர்ன் மேனைத் தமிழ் பேச வைத்தீர்கள். எங்கள் மொழியில் எங்களிடம் பேசியவர்கள், அதே மொழியில் பதில் வந்தால் வியப்படைய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் அந்தப் படத்தின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டார்க்கின் கோபுரத்தில் விருந்து முடிந்து, எல்லோரும் களைத்துச் சாய்ந்திருக்கும் நேரத்தில், தகுதியுள்ளவரால் மட்டுமே தூக்க முடிந்த தோரின் சுத்தியலைத் தூக்க ஒவ்வொருவராக முயன்று பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதையை அது ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை என்று அப்போது தோன்றும். கேப்டன் அமெரிக்கா கைவைத்ததும் சுத்தியல் மயிரிழை அசைவதும், தோரின் முகத்திலிருந்த சிரிப்பு நொடியில் வடிந்துபோவதும் வெறும் வேடிக்கை என்றே நினைத்திருப்போம். பிறகு, புதிதாகப் பிறந்த விஷன் என்ற செயற்கை மனிதனை நம்பலாமா கூடாதா என்று குழு திகைத்து நிற்கும்போது, அவன் அந்தச் சுத்தியலை எடுத்துத் தோரிடம் இயல்பாக நீட்டுகிறான். விவாதம் அத்தோடு முடிகிறது. யாரும் ஒரு வாக்கியம்கூட விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. வேடிக்கையாகப் போட்ட முடிச்சு அதே படத்துக்குள் அவிழ்ந்ததால்தான் அந்த இடத்தில் அரங்கம் கைதட்டியது. கேப்டனின் கையில் அது அசைந்ததற்கு 2019-இல் இன்னொரு விடை கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த விடைக்காகக் காத்திருக்காமலேயே இந்தக் காட்சி 2015-இல் நிறைவடைந்துவிட்டிருந்தது. இந்த மடலில் நான் கேட்கப்போவது அனைத்தும் இந்த ஒரு காட்சியின் இலக்கணம்தான்.

பார்ட்டனின் பண்ணை வீடும் அப்படியே. 2012-இல் வந்த முதல் படத்தில் பெரும்பகுதி நேரம் வில்லன் லோக்கியின் வசத்தில் கிடந்த வில்லாளியை, யாரும் பொருட்படுத்தாத ஒருவனை, இந்தப் படம் மனைவி, பிள்ளைகள், முடியாத மராமத்து வேலைகள் எனக் குடும்பஸ்தனாக்கி நடுவில் நிறுத்தியது. கடவுளும் பூதமும் இயந்திரமும் மோதும் ஊரில் அம்பும் வில்லும் வைத்துக்கொண்டு நிற்பது அபத்தம் என்று குழுவோடு புதிதாகச் சேர்ந்த வாண்டா என்ற பெண்ணிடம் அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு போருக்குப் போகிறான். அந்த வீட்டைக் காட்டியபோதே இவன் சாகப்போகிறான் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே இயக்குநர் ஜாஸ் வீடன் எங்களை ஏமாற்றினார். அவனுக்குப் பதிலாக வாண்டாவின் இரட்டைச் சகோதரன் பியட்ரோ குறுக்கே வந்து விழுந்தான்.

சொகோவியா என்ற கற்பனை நாட்டில் நடக்கும் இறுதிப் போரில், அல்ட்ரான் வானில் உயர்த்திய நகரத்திலிருந்து மக்களை வெளியேற்றுவதே வீரர்களின் முதல் வேலையாக இருந்ததையும் நன்றியோடு நினைக்கிறேன். அடுக்குமாடிகள் சரிவதைக் காட்டிவிட்டு உள்ளே இருந்தவர்களை மறந்துவிடும் சூப்பர் ஹீரோ படங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. மேலே ஓர் ஆள் மிச்சமிருக்கும்வரை நகரத்தைத் தகர்க்க முடியாது என்று கேப்டன் சொன்னதும், முன்னாள் உளவுத் தலைவர் நிக் ஃப்யூரி, ஹெலிகேரியர் என்ற பழைய பறக்கும் போர்க்கப்பலோடு வந்து மீட்புப் படகுகளை அனுப்பியதும் சண்டைக் காட்சிகளைவிட எனக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன.

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

வாண்டாவும் பியட்ரோவும் பத்து வயதில் இரவு உணவு உண்டுகொண்டிருந்தபோது வீட்டின்மேல் குண்டு விழுந்தது. பெற்றோர் இறந்தார்கள். இரண்டாவது குண்டு வெடிக்காமல் எதிரே கிடக்க, அதில் எழுதியிருந்த ‘ஸ்டார்க்’ என்ற பெயரைப் பார்த்துக்கொண்டே கட்டிலுக்கடியில் அக்குழந்தைகள் இரண்டு நாள் கிடந்தார்கள். இதைப் பியட்ரோ அல்ட்ரானிடம் சொல்கிறான். படத்தின் மிகக் கனமான வசனம் அது. ஆனால் சொல்லப்பட வேண்டிய ஆளிடம் அது சொல்லப்படவே இல்லை. அதே டோனி ஸ்டார்க்கின் பக்கம் நின்று வாண்டா போரிடுகிறாள், சகோதரனைப் பறிகொடுக்கிறாள், கடைசியில் அவெஞ்சர்ஸ் குழுவில் சேருகிறாள். இருவரும் அந்தக் குண்டைப் பற்றி நேருக்கு நேர் பேசும் காட்சி படத்தில் இல்லை. உலகைக் காப்பதற்கும் அழிப்பதற்கும் அல்ட்ரானுக்கு வேறுபாடு தெரியாமல் போனது யாரிடமிருந்து வந்த குணம் என்று வாண்டா கேப்டனிடம் கேட்கிறாள். நியாயமான அந்தக் கேள்வியையும் படம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அல்ட்ரானை, விஞ்ஞானி பேனரைத் தவிர குழுவில் யாருக்கும் சொல்லாமல் உருவாக்கிய ஸ்டார்க், அது பேரழிவாக முடிந்த பிறகு, மீண்டும் குழுவின் ஒப்புதல் இல்லாமல் விஷனை உருவாக்குகிறார். இம்முறை நல்லது பிறந்துவிட்டதால் முதல் குற்றம் மறக்கப்பட்டது. இறுதியில் அவர் காரில் ஏறிப் புறப்பட்டுவிடுகிறார். வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைக்க வந்த பஸ்மாசுரன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அசுரன் அழிந்ததும், வரம் கொடுத்தவனின் அவசரத்தைப் பற்றியும் பேச்சு வரும் என்று எதிர்பார்ப்போம்.

அதற்கான நேரம் படத்தில் இல்லாமல் போனதற்கு ஓடும் நேரம் காரணமன்று. 141 நிமிடம் கொண்ட படம் அது. அந்த நிமிடங்கள் எங்கே போயின என்பதுதான் கேள்வி. தோர் பாதிக் கதையில் குழுவைப் பிரிந்து, விஞ்ஞானி செல்விக்கை அழைத்துக்கொண்டு ஒரு குகைக்குப் போகிறார், நீரில் இறங்குகிறார், மின்னல் அடிக்கிறது, பேராற்றல் கொண்ட முடிவிலிக் கற்களைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்டு திரும்புகிறார். முதல் முறை பார்த்தவருக்கு அங்கே என்ன நடந்தது என்று விளங்கியிருக்க வாய்ப்பில்லை. அந்தக் காட்சி இந்தக் கதைக்காக வைக்கப்பட்டதல்ல, 2018-இல் வரவிருந்த, தானோஸ் என்ற வில்லனின் படத்துக்கு விடப்பட்ட விளம்பரம். குகைக் காட்சியைச் சேர்க்காவிட்டால் பண்ணை வீட்டை நீக்கிவிடுவோம் என்ற நெருக்கடி தனக்கு வந்ததாக, படம் வெளிவந்த பிறகு வீடனே ஒரு நேர்காணலில் மனம் திறந்தார். முதலில் தொகுத்தபோது படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியதையும் அவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் பார்ப்பதற்கான வட்டில் நீங்கள் சேர்த்திருந்த நீக்கப்பட்ட காட்சிகளில் குகையின் நீண்ட வடிவத்தைப் பார்த்தபோதுதான் அங்கே ஒரு சிந்தனை இருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது. விளம்பரத்தை வற்புறுத்தி வைத்தீர்கள். பிறகு அதையும் புரியாத அளவுக்கு வெட்டினீர்கள்.

வில்லனும் இதே நெருக்கடியில் நசுங்கினான். ஜேம்ஸ் ஸ்பேடரின் குரலை வைத்து நீங்கள் வெளியிட்ட முதல் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். 2014 அக்டோபரில் அது முன்கூட்டியே கசிந்தபோது கதையில் வரும் தீய அமைப்பான ஹைட்ராவைத் திட்டி ஒரு வரி போட்டுவிட்டு நீங்களே அதிகாரபூர்வமாக வெளியிட்டீர்கள். அந்த நகைச்சுவை உணர்வை ரசித்தேன். பினாக்கியோவின் பழைய பாட்டைக் குளிர்ந்த குரலில் முணுமுணுக்கும் ஓர் இயந்திரம் அதில் வந்தது. படத்தில் வந்தவன் பாதி நேரம் ஸ்டார்க்கைப் போலவே கேலி பேசினான். தந்தையின் வாய்த்துடுக்கு பிள்ளைக்கும் வந்தது என்று அதை நியாயப்படுத்தலாம், எழுதியவர்களின் எண்ணமும் அதுவே என்று நினைக்கிறேன். ஆனால் கண்விழித்த சில நிமிடங்களில் இணையத்தைப் படித்துவிட்டு மனித இனத்தை ஒழிக்க முடிவெடுக்கும் ஒருவனுக்கு, அந்த முடிவுக்கு வந்து சேரும் வழியையாவது காட்டியிருக்க வேண்டும். 2013-இல் இதே பெயரில் வந்த காமிக்ஸ் தொடரில் அல்ட்ரான் உலகையே வென்று முடித்திருந்தான். படத்தில் அவனுக்குக் கிடைத்தது சில நாட்கள். கடைசியில் காட்டுக்குள் மிச்சமிருக்கும் ஒரே உடலோடு அவனும் விஷனும் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களில்தான் இந்தப் பாத்திரத்துக்குள் எவ்வளவு இருந்தது என்று தெரிகிறது. அழியப்போகிற மனிதர்களைப் பற்றி, அவர்களால் படைக்கப்பட்ட இரண்டு உயிர்கள் பகைமை இல்லாமல் பேசுகின்றன. படம் முழுவதையும் அந்த உரையாடலிலிருந்து எழுதியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

குழுவின் பெண் உளவாளி நடாஷாவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பயிற்சிக் கூடத்தில் தனக்குக் கருத்தடை செய்ததைப் ஹல்க் என்ற அரக்கனாக மாறும் பேனரிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தன்னையும் ஓர் அரக்கி என்கிறாள். கொலைகாரியாக வளர்க்கப்பட்டதைத்தான் அவள் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வசனத்தின் வரிசை அப்படிக் கேட்க விடவில்லை. பிள்ளை இல்லாத பெண்ணை மங்கல காரியங்களில் தள்ளி நிற்க வைக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியாத ஊரிலிருந்து அதைக் கேட்டவர்களுக்கு அந்த வரி எப்படித் தைத்திருக்கும் என்று யோசியுங்கள். இது போதாதென்று, விமானத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் குதிப்பது படத்தில் நடாஷாவாக இருக்க, பொம்மைக் கடைக்கு வந்த பெட்டியில் அந்த வண்டிமேல் கேப்டன் அமெரிக்கா அமர்ந்திருந்தார். அவளுக்கென்று தனிப் படம் வர 2021 ஆகிவிட்டது. அதற்குள் கதைப்படி அவள் இறந்தும் விட்டாள்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். உலகம் முழுவதும் சுமார் 140 கோடி டாலர் வசூலித்த படம் அது என்பீர்கள். அதைவிட வலுவான மறுமொழி ஒன்றும் உங்களிடம் இருக்கிறது: அன்று குறையாகத் தெரிந்தவை எல்லாம் பின்னால் பலன் தந்தன. சொகோவியாவில் மகனைப் பறிகொடுத்த தாய் ‘சிவில் வார்’ படத்தில் ஸ்டார்க்கின் முன் புகைப்படத்தோடு நின்றாள். அந்தக் குண்டு விழுந்த இரவை 2021-இல் ‘வாண்டாவிஷன்’ தொடர் மீண்டும் திறந்து, வாண்டாவின் துயரத்துக்கு உரிய மரியாதையைச் செய்தது. இந்தப் படத்தில் கையை இழந்த ஆயுத வியாபாரி கிளா, ‘பிளாக் பேந்தர்’ படத்தில் திரும்பி வந்தான். இவற்றை எல்லாம் நான் ரசித்தேன். ஆனால் 2015-இல் நுழைவுச்சீட்டு வாங்கி உட்கார்ந்தவரின் கையில் இவற்றில் எதுவும் இல்லை; அவருக்குக் கிடைத்தது, பெயர்ப் பட்டியலின் நடுவே கையுறையை மாட்டிக்கொண்டு, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன தானோஸ் மட்டுமே. ஆறு ஆண்டு கழித்து இன்னொரு படைப்பு வந்து ஒரு படத்தின் கடனை அடைத்தது என்றால், அந்த இன்னொரு படைப்பை எழுதியவர்களைத்தான் நான் பாராட்டுவேன்.

ஆகவே ‘டூம்ஸ்டே’ குறித்து என் வேண்டுகோள் இதுதான். அதற்குப் பின்னால் அடுத்த அவெஞ்சர்ஸ் படமான ‘சீக்ரெட் வார்ஸ்’ வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி டூம்ஸ்டேயின் நடுவில் நிறுத்தி எங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. டாக்டர் டூம் ஏன் அப்படி ஆனான் என்பதை அந்தப் படமே சொல்லட்டும், அடுத்த தொடரோ முந்தைய படத்தின் நீக்கப்பட்ட காட்சியோ சொல்ல வேண்டாம். ஸ்டார்க்கின் முகத்தையே அவனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், அந்த முகத்தைப் பார்க்கும் பழைய தோழர்கள் ஒருவராவது அதைப் பற்றி வாய்திறந்து பேசட்டும். வாண்டாவுக்கும் ஸ்டார்க்குக்கும் செய்ததை இங்கே செய்துவிடாதீர்கள். அத்தனை நாற்காலிகளில் அமர்ந்தவர்களில் சிலருக்கு இரண்டு வசனம் மட்டுமே கிடைத்தாலும் பரவாயில்லை, பண்ணை வீடு போன்ற ஓர் இடத்தில் எல்லோரும் ஒருமுறை உட்காரும் அளவுக்கு நேரம் விடுங்கள்.

கூடவே ஒரு சிறு விண்ணப்பம்: ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தின் மூன்று மணி நேரம் கடந்த அந்த முதல் தொகுப்பு உங்கள் காப்பகத்தில் இன்னும் இருக்குமானால், கணினி வரைகலை முடியாத காட்சிகளோடு இருந்தாலும் சரி, அதை அப்படியே வெளியிடுங்கள். குகைக்குள் என்ன நடந்தது என்பதை முழுதாகப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்