ரெண்டு ரிங் குடு, போதும்

கண்ணு,

முந்தாநாள் நைட்டு நீ சிங்கப்பூர்ல இருந்து பேசினத தங்கச்சி என்கிட்ட சொல்லிட்டா, அவ மேல கோச்சிக்காத, அவ மூஞ்சி சரியில்லன்னு நான் தான் நோண்டி நோண்டி கேட்டேன். 16 மாசம் தொடாம இருந்துட்டு ஷிப்ட் முடிஞ்சி வந்து ரெண்டு சிகரெட் புடிச்சிட்டேன், எல்லாம் போச்சு, நைனாகிட்ட எந்த மூஞ்சிய வச்சிகினு பேசறதுன்னு சொன்னியாமே. அதான் எழுதறேன். போன்ல பேசினா எனக்கு தொண்ட அடைச்சிக்கும், பாதிய முழுங்கிடுவேன்.

உன் மேல கோவம் இல்ல. கோவப்பட எனக்கு இன்னா யோக்கியத இருக்கு? உனக்கு ஆறு வயசு இருக்கும், கையில காச குடுத்து முனையில இருக்கற பொட்டிக்கடைக்கு பீடிக்கட்டு வாங்கினு வர அனுப்பினவன் நான். அங்க ஒரு கயித்து நுனில நெருப்பு கனிஞ்சிகினே தொங்கும், நீ அதையே நின்னு பாத்துட்டு லேட்டா வருவ, நான் கத்துவேன். நீ மொத மொதல்ல புடிச்சது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ஞாபகம் வந்தது அந்த கயிறு தான். அதுக்கு உன்கிட்ட இதுவரைக்கும் மன்னிப்பு கேட்டதில்ல. இப்ப கேக்கறேன்டா.

நான் பீடிய விட்ட கத உனக்கு தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன், யோசிச்சி பாத்தா பாதி தான் சொல்லியிருக்கேன். 2011 ஏப்ரல், மீன்புடி தடைக்காலம் ஆரம்பிச்ச டைம். போட்டுங்க எல்லாம் காசிமேட்டுல கட்டி கெடக்கு, எனக்கு இன்ஜின் வேல குமிஞ்சி கெடக்கு. இன்ஜின் ரூம்ல இருந்து மேல ஏற நாலே படி, மூணாவது படில மூச்சு நின்னு போச்சு, கம்பிய புடிச்சிகினு அப்படியே நின்னுட்டேன். அன்னிக்கு சாயங்காலம் டீக்கடையாண்ட சொல்றேன், வல மாமா எனக்கும் தாம்பா இப்படி ஆவுதுன்னாரு, ஐஸ் சித்தப்பா எனக்கும்னாரு, ஆட்டோ மாமா ஒன்னும் சொல்லாம வாயில இருந்தத கீழ போட்டு மிதிச்சாரு. நாலு பேரும் அன்னிக்கே விட்டோம்.

சும்மா விட முடியுமா? ஒரு ஏற்பாடு பண்ணோம். எவனுக்கு நெனப்பு தாங்க முடியலயோ அவன் ஒரு மிஸ்டு கால் குடுக்கணும். அப்பல்லாம் பேலன்ஸ் போட காசு ஏது, மிஸ்டு கால் தான். மிஸ்டு கால் வந்தா மத்தவங்க எந்த வேலைல இருந்தாலும் திருப்பி போடணும், இன்னா ஏதுன்னு கேக்கக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, கிரிக்கெட்டு, மீன் வெல, எதையாவது பேசணும். ஏன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரில டாக்டர் எனக்கு ஒன்னு சொன்னாரு, அந்த வெறி அஞ்சு நிமிஷம் இருக்கும், மிஞ்சிப்போனா பத்து நிமிஷம், அப்பறம் தானா எறங்கிடும்னு. அந்த பத்து நிமிஷத்த தாட்டி வுடத்தான் ஆளு வேணும். மொத வாரம் மட்டும் எனக்கு எத்தினி மிஸ்டு கால் வந்துச்சி, நான் எத்தினி குடுத்தேன்னு கணக்கே இல்ல. நைட்டு ரெண்டு மணிக்கு வல மாமா போன் போட்டு வஞ்சிரம் கிலோ இன்னா வெலன்னு கேப்பாரு, உங்க அம்மா எழுந்து இந்நேரத்துல எவன்டா அது மீன் வாங்கறவன்னு திட்டுவா.

கொஞ்ச நாள்ல மோப்பம் திரும்பி வந்துச்சி பாரு, அத சொல்லணும். இன்ஜின் ஸ்டார்ட் பண்ண ஒடனே பொகைய மோந்தே ஆயில் எரியுதா, டீசல் சரியா எரியாம வருதான்னு சொல்லிடுவேன், சின்ன வயசுல எனக்கு இருந்த வித்த அது. எப்ப போச்சின்னே தெரியாம போயிருந்துச்சி.

இப்ப உன்கிட்ட சொல்லாதது. 2014ல ஆயா செத்தப்ப உனக்கு ஞாபகம் இருக்கும், தெருவுல சாமியானா போட்டு நைட்டு முழுக்க உக்காந்திருந்தோம், மேளம் ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம். யாரோ பாக்கெட்ட நீட்டினான், நான் எடுத்தேன். மூணு வருஷம் கழிச்சி. ஒன்னு முடிஞ்சதும் இன்னொன்னு. பெத்தவ உள்ள ஐஸ் பொட்டில கெடக்கறா, நான் வெளிய பொக வுட்டுகினு இருக்கேன், மொத்தமா ஒடஞ்சி போயிட்டேன்டா. மூணு வருஷம் நடிச்சிகினு இருந்தேனா, நான் இவ்ளோ தானான்னு தோணுச்சி. மிஸ்டு கால் குடுக்க கை வரல. விடியக்கால நாலு மணிக்கு ஐஸ் சித்தப்பா பேக்டரில இருந்து நேரா வந்தாரு, ஈர லுங்கியோட பக்கத்துல உக்காந்தாரு. வாசன தெரிஞ்சிருக்கும். "எத்தினி?"ன்னு கேட்டாரு. "ரெண்டு." "சரி, மூணாவது வேணாம். வா டீ சாப்பிடலாம்." அவ்ளோ தான் பேசினாரு, சூடு தண்ணி மேரி ஒரு டீ, அத ரெண்டு பேரும் பேசாம குடிச்சோம். எடுத்துகினு போற வரைக்கும் என் பக்கத்த வுட்டு அவரு நவுரல.

ஆட்டோ மாமாவுக்கு அப்படி அமையல. அவரும் ஒரு கல்யாணத்துல ஒன்னே ஒன்னு புடிச்சாரு. வெக்கத்துல எங்க மூணு பேர்கிட்டயும் மறச்சிட்டாரு. மறைக்கறதுக்காக டீக்கடைக்கு வர்றத நிறுத்தினாரு, டீக்கடைக்கு வராததால கூட ஆளில்ல, ஆளில்லாததால தெனம் ஒன்னு, அப்பறம் தெனம் ஒரு பாக்கெட்டு. நாலு மாசம். வல மாமா ஸ்டாண்டுக்கே போயி ஆட்டோ உள்ள ஏறி உக்காந்து, நீ வர வரைக்கும் நான் எறங்க மாட்டேன்னு சொல்லி இட்டுகினு வந்தாரு. இப்ப அவரு தொட்டு பல வருஷம் ஆச்சி. ஆனா அந்த நாலு மாசத்த நெனச்சா அவருக்கு இன்னும் கண்ணு கலங்கும்.

நீயும் இன்ஜின் வேல தெரிஞ்சவன். டீசல் லைன்ல ஏர் புடிச்சிகிச்சின்னா இன்ஜின் நின்னுடும், அதுக்குன்னு இன்ஜின கடல்ல தள்ளுவியா? ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கையால பம்ப் அடிச்சி, குமிழி வராம டீசல் வர வரைக்கும் ஏர் எடுப்ப, திரும்ப ஸ்டார்ட் பண்ணுவ. அப்பறம் ஏர் எங்க பூந்துச்சின்னு தேடுவ, எந்த வாஷர், எந்த ஜாயின்ட்டுன்னு. உன் 16 மாசத்துல ஏர் எங்க பூந்துச்சின்னு பாரு. எனக்கு என்னமோ சிகரெட் புடிக்கறதுக்குன்னு மஞ்ச கோடு போட்டு வச்சிருக்கற அந்த எடம்னு தோணுது, ஷிப்ட் முடிஞ்சி எல்லாரும் அங்க தான நிப்பாங்க, தமிழ் பேச ஆளு கெடைக்கறதே அங்க தான்னு நீயே ஒருவாட்டி சொன்ன. பேச்சுக்கு போயி சிகரெட்டுல மாட்டிகிட்ட. உடம்புக்கு வேணும்னு கேக்கறது மொத சில வாரம் தான், அதுக்கப்பறம் எடமும் ஆளும் தான் கேக்கும்.

ரூம்ல அந்த தஞ்சாவூர் பையன் இருக்கானே, அவனும் விட்டு ஆறு மாசம்னு சொன்னல்ல, அவன்கிட்ட இன்னிக்கே சொல்லு. ரெண்டு புடிச்சேன்னு வாய தொறந்து சொல்லு. அவன் உன்ன கேவலமா நெனப்பான்னு பயப்படாத, அவனுக்கும் ஒரு நாள் வரும், அன்னிக்கு யார்கிட்ட சொல்றதுன்னு அவனுக்கு தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ஷிப்ட் முடிஞ்சி வேற பக்கமா போயி டீ குடிங்க. ரொம்ப தாங்கலன்னா பார்மசில நிகோடின் கம் கேளு, உங்க ஊருல சூயிங்கம்முக்கே தடை ஆனா இத பார்மசிஸ்ட் குடுப்பாங்கன்னு தங்கச்சி பாத்து சொன்னா. மெல்லும்போது சும்மா சவக்கு சவக்குன்னு மெல்லக்கூடாது, கொஞ்சம் மென்னு கன்னத்தாண்ட ஒதுக்கி வைக்கணும், இல்லன்னா விக்கல் எடுக்கும், எனக்கு எடுத்துச்சி.

டாக்டர் சொன்ன இன்னொன்னு, விட்டு ஒரு வருஷம் ஆனா இதய நோய் வர்ற ஆபத்து புடிக்கறவனுக்கு இருக்கறதுல பாதி தான், பத்து வருஷத்துல நுரையீரல் கேன்சர்ல சாவுற ஆபத்தும் பாதிக்கு வந்துடும். நீ அந்த ஒரு வருஷத்த தாண்டினவன். ரெண்டு சிகரெட்டுக்காக அத தூக்கி குடுத்துடாத.

இங்க ஏப்ரல் 15ல இருந்து தடைக்காலம், 61 நாளும் நான் வூட்டுல தான் இருப்பேன், மிஞ்சிப்போனா காசிமேட்டுல. உனக்கு நைட்டு பதினொன்னுன்னா எனக்கு எட்டரை, முழிச்சிகினு தான் இருப்பேன், தூங்கிட்டாலும் போன் தலமாட்டுல தான். ஷிப்ட் முடிஞ்சி அந்த மஞ்ச கோட்ட தாண்டும்போது ரெண்டு ரிங் குடுத்துட்டு வச்சிடு. நான் திருப்பி போடறேன். ஒன்னும் கேக்க மாட்டேன். வஞ்சிரம் வெல சொல்றேன்.

உன் நைனா