கிகாலியிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். போன வாரம் ஃபோனில், "என்னடா, எப்பவும் கேட்கிற பாட்டுச் சத்தத்தையே காணோமே" என்று கேட்டாய். வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன், சொல்ல முடியவில்லை. ருவாண்டாவில் ஏப்ரல் 7-ல் இருந்து ஒரு வாரம் பாட்டு, கல்யாணம் எதுவும் கிடையாது. 1994-ல் நூறு நாளில் துட்சி என்ற சிறுபான்மை இன மக்களைக் கொன்று குவித்தார்களே, அதன் நினைவு வாரம். ஐ.நா. கணக்கே எட்டு லட்சம் பேர், இந்த நாட்டுக் கணக்கு பத்து லட்சத்துக்கும் மேல்.

11-ஆம் தேதி வீட்டுக்கார அம்மாவோடு கிச்சுகிரோவிலிருந்து நியான்சா குன்றுவரை நடந்தேன். கிச்சுகிரோவில் ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1994-ல் அதில் ஐ.நா.வின் பெல்ஜியப் படை முகாம் போட்டிருந்ததால், நீலத் தொப்பிக்காரர்கள் இருக்கும்வரை பயமில்லை என்று சுமார் 2,000 பேர் அடைக்கலம் புகுந்தார்கள். ஏப்ரல் 11-ஆம் தேதி படை கிளம்பிவிட்டது. கத்தியோடு வெளியே காத்திருந்தவர்கள் இந்த ஜனங்களை அதே சாலையில் நடத்திக் கூட்டிப்போய் அந்தக் குன்றில் கொன்றார்கள். வீட்டுக்கார அம்மாவும் அன்றைக்கு நடந்து உயிர் தப்பியவர்தான், அப்போது ஒன்பது வயது. கிளம்பிய படை லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு தன் அப்பா ஓடியதைச் சொல்லும்போது தன் குடைக் கம்பியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார், எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்தச் சிப்பாய்களை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை அம்மா. அப்போதைய ருவாண்டா பிரதமர் அகாத்தைக் காக்கப் போன பத்து பெல்ஜியர்களை ஏப்ரல் 7-ஆம் தேதியே கொன்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பத்து கல்தூண் நட்டிருக்கிறார்கள், பார்த்தேன். என் கோபமெல்லாம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் மேல்தான். இங்கிருந்த ஐ.நா. படைத்தலைவர் டலேர் இன்னும் ஆள் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க, கொலை நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 21-ல், படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டார்கள். எப்படி மனசு வந்ததோ!

ஆனாலும் கானா நாட்டுச் சிப்பாய்கள் பலர் போகாமல் நின்றார்கள். ஐ.நா. பணியிலிருந்த செனகல்காரர் கேப்டன் ம்பாய் டியாக்னே கையில் ஆயுதமே இல்லாமல், சாலைத் தடுப்பில் நின்ற கொலைகாரர்களிடம் சிகரெட் நீட்டி, சிரித்துப் பேசி, ஒவ்வொரு தடவையும் நாலைந்து பேராக வண்டியில் ஏற்றி நூற்றுக்கணக்கானவர்களைத் தப்பவைத்தார். மே 31-ல் பீரங்கிக் குண்டு விழுந்து இறந்துபோனார்.

சரி, மழை விடவில்லை. வீட்டுக்கார அம்மா நேற்றிலிருந்து வெளியே வரவில்லை, ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். நீ மாத்திரையை ஒழுங்காகப் போடு.

உன் மகன்