வீட்டு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய் பற்றித் தாம்பரம் மாநகராட்சிக்கு எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும் கோப்பில் உள்ளன, வேண்டியவர்கள் பார்க்கலாம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி வாடகை விஷயம்தான். செயற்குழுவின் ஞாயிற்றுக்கிழமைகளை இந்த ஆண்டு தின்று தீர்த்தது அதுதான்.

நம் உறுப்பினர்களில் பலர் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் ஓய்வுக்காலத்தை ஓட்டுபவர்கள். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், நர்ஸுகள் என்று குடிவருபவர்களுக்குக் குறைவில்லை. டூ-லெட் போர்டு மாட்டிய வாரத்திலேயே ஆள் வந்துவிடுவதால், யாரும் நிதானமாக உட்கார்ந்து எதையும் எழுதிக்கொள்வதில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பஞ்சாயத்துக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அட்வான்ஸ் தகராறு. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, அப்புறம் குழாய், ஸ்விட்ச், தாழ்ப்பாள் என்று கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். எல்லோரும் செய்கிறார்கள் என்பதாலேயே அதை ஒப்பந்தத்தில் யாரும் எழுதுவதில்லை. மூன்று வருடம் கழித்து, குடியேறிய அன்று சுவர் எப்படி இருந்தது என்பதில் வீட்டுக்காரருக்கு ஒரு ஞாபகம், குடித்தனக்காரருக்கு வேறொரு ஞாபகம். இரண்டு பக்கமும் உண்மையையே சொல்வதாக நம்புகிறார்கள். நாங்கள் நடுவில் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு வழி எளிது. சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து அறை அறையாகப் போய்ச் செல்போனில் வீடியோ எடுங்கள். மின்விசிறி எத்தனை, கீசர் ஓடுகிறதா, கழிவறைக் குழாய் சொட்டுகிறதா, இ.பி. மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறது, சாவி எத்தனை செட் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெயிண்டிங்குக்குப் பிடிப்பதாக இருந்தால் எவ்வளவு என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். இப்படி எழுதிக்கொண்டவர்கள் யாரும் எங்களிடம் பஞ்சாயத்துக்கு வரவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் வாங்கி மாடிப்படி கட்டிவிட்டு, அடுத்த ஆள் வந்தால்தான் தருவேன் என்று சொல்பவருக்குச் சங்கம் பரிந்து பேசாது. செயற்குழு ஒருமனதாக எடுத்த முடிவு இது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். பதினோரு மாதத்துக்கு எழுதினால் எந்தப் பதிவும் வேண்டாம் என்ற நம்பிக்கை இன்னும் நம்மிடையே உலவுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயப் பதிவு என்பது ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு. வாடகை ஆணையப் பதிவு வேறு. அது பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். தகராறு வாடகை நீதிமன்றம் வரை போனால் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

வாடகை பாக்கி வைத்தவர் வீட்டு மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது இரண்டும் வேண்டாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பாக்கிக்காரர் புகார்தாரர் ஆகிவிடுவார். இரண்டு மாத வாடகை நின்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. அதேபோல, நம் வீடுதானே என்று மாற்றுச் சாவி போட்டு உள்ளே போகாதீர்கள். பழுது பார்க்கப் போவதென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்த ஆண்டின் பெரிய தலைவலி லீஸ் தரகர். ஒரு உறுப்பினரிடம், நாங்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், மாதா மாதம் வாடகை வந்துவிடும் என்று சொல்லி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பிறகு அதே வீட்டை ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு லீஸுக்கு விட்டார்கள். சில மாதம் வாடகை ஒழுங்காக வந்தது, பிறகு ஆளே இல்லை. உள்ளே இருக்கும் குடும்பமும் ஏமாந்ததுதான், அவர்களை எப்படி வெளியே போகச் சொல்வது? உறுப்பினர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார், இன்னும் முடியவில்லை. மாத வாடகை சற்றுக் கூடுதலாக வருகிறது என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். யார் குடியிருக்கப் போகிறாரோ அவரோடு நேரடியாக ஒப்பந்தம் போடுங்கள். உள்வாடகைக்கு விடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்கட்டணம் பற்றிச் சிலருக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். இரண்டு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு வைத்து, சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று மனம்போல் வசூலிக்கிறோம். இரண்டு குடும்பத்தின் செலவும் ஒரே மீட்டரில் ஏறி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அந்தச் சுமை மாடிக்காரர் தலையில். 100 யூனிட் இலவசமோ கீழ் வீட்டோடு நின்றுவிடுகிறது. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிப்பதே நேர்மையான வழி. அதுவரை பில்லைக் காட்டிப் பங்கு பிரியுங்கள்.

குடித்தனக்காரர் பான் எண் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறோம். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கோர உங்கள் பான் எண் அவருக்குத் தேவை. வாடகை வருமானத்தில் நீங்கள் கட்டிய சொத்துவரி போக, மீதியில் 30 சதவீதம் கணக்குக் கேட்காமலேயே கழிவு உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. சொத்துவரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

நம் தெருக்கள் பலவற்றில் இன்னும் செப்டிக் டேங்க்தான். எட்டுப் பேர் தங்கும் மேன்ஷன் வீடுகளில் அது சீக்கிரம் நிரம்புகிறது. குறைந்த கூலிக்கு ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரர்தான் வழக்கில் நிற்பார். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. பணம் கிடக்கட்டும், போவது ஓர் உயிர். 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் கழிவுநீர் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம்.

சாதி கேட்டு, மதம் கேட்டு எழுதும் டூ-லெட் விளம்பரங்களைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில்லை என்று ஆடி மாதக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். இரண்டு உறுப்பினர்கள் வருத்தப்பட்டுச் சந்தா கட்டவில்லை. முடிவில் மாற்றமில்லை.

வாடகை ஒப்பந்தம், வீட்டுப் பொருள் பட்டியல் இரண்டின் மாதிரியும் சங்க அலுவலகத்தில் கிடைக்கும். இணையப் பதிவு செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு உதவ இளைஞர் அணி முன்வந்திருக்கிறது. ஆதார், பான், இரு தரப்புப் புகைப்படத்தோடு வரவும். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்