பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பா, ஆச்சி, தம்பி அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் பேசியபோது, இப்போது பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிளஸ் டூ பாடங்களைத் தொடங்கிவிடுவார்கள் என்றும், பிளஸ் ஒன் புத்தகத்தில் தேவையானதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று வகுப்பில் சொன்னார்கள் என்றும் நிம்மதியோடு சொன்னாய். உனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளும் வீட்டாரோடு பேச வேண்டும் என்பதால் அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்துவது உனக்குத் தெரியும். ஆண்டு இறுதியில் அவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பிளஸ் ஒன்னில் சேர்ந்த நாளில் இருந்த உனக்கு இப்போது ஏதாவது சொல்ல முடியுமானால் என்ன சொல்வாய் என்று கேட்பது என் வழக்கம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவதால் பிள்ளைகள் மனம் திறந்து எழுதுவார்கள். அந்தத் தாள்களையெல்லாம் பீரோவில் சேர்த்து வைத்திருக்கிறேன். உன் தொலைபேசி வந்த இரவு அவற்றை எடுத்து மறுபடியும் படித்தேன். உன்னைவிட இரண்டு, மூன்று வயதே மூத்தவர்கள் எழுதியவை அவை. நான் சொல்வதைக் காட்டிலும் அவர்கள் சொல்வது உனக்கு நெருக்கமாகப் படும்.

அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடாதே. "லெவன்த் போர்ஷனைத் தாண்டி வந்துவிட்டேன், காலேஜில் அது என்னை விடவில்லை" என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். இதன் பின்னணியை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததே 2017-18 கல்வியாண்டில்தான். அதற்கு முன்பு தனியார் பள்ளிகள் பலவற்றில் இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டுகள் படித்த பிள்ளைகள் அள்ளிக் குவித்த மதிப்பெண்ணோடு கல்லூரிக்கு வந்து, முதல் பருவத்திலேயே கணிதத்தில் அரியர் வைத்தார்கள். அந்த வழக்கத்தை நிறுத்தவே அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியிருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்ற முறையில் நான் அந்த முடிவை வரவேற்கிறேன். ஆனால் நீக்கப்பட்டது தேர்வு மட்டுமே, பாடம் நீக்கப்படவில்லை.

உன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திறந்து பார். அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர்கள், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் என்று வரிசையாக இருக்கும். அடுத்து பிளஸ் டூ புத்தகத்தைப் பார்த்தால், அங்கே வகையிடலின் பயன்பாடுகளும் தொகையிடலின் பயன்பாடுகளும் இருக்கும். வகையிடல் என்றால் என்ன என்று அங்கே யாரும் முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின்படி (அதாவது பாடத்திட்ட விதிகளின்படி) படித்த என் மாணவர்களுக்கு முதல் பருவக் கணிதத் தாளின் பெயரே 'அணிகளும் நுண்கணிதமும்' என்பதுதான். இயற்பியலில் நியூட்டன் விதிகளும் வெப்ப இயக்கவியலும், வேதியியலில் மோல் கருத்தும் கரிம வேதியியலின் அடிப்படைகளும் பிளஸ் ஒன்னில்தான் வருகின்றன. மருத்துவத்துக்கான நீட், ஐஐடி போன்ற பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇ ஆகிய இரண்டு நுழைவுத்தேர்வுகளும் இரு வகுப்புப் பாடங்களையும் கேட்கின்றன. ஆகவே, தேவையானது எது என்று இந்த வயதில் பிரித்துப் பார்க்க உன்னாலும் முடியாது, உன் பள்ளியாலும் முடியாது.

பாடத்தை முடிப்பது வேறு, அது புரிவது வேறு. இதை நான் ஆண்டுதோறும் வகுப்பின் முதல் வாரத்தில் பார்க்கிறேன். கரும்பலகையில் எக்ஸ் ஸ்கொயர் என்று எழுதி, இதை வகையிட்டால் என்ன வரும் என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் '2 எக்ஸ்' என்று சொல்லும். எக்ஸின் மதிப்பு 3 என்றால்? '6' என்று உடனே பதில் வரும். அந்த 6 எதைக் குறிக்கிறது என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். எண்ணிக்கையா, பரப்பா, வேகமா என்று தயங்கித் தயங்கிச் சிலர் கேட்பார்கள். வளைகோட்டை வரைந்து, எக்ஸ் 3 ஆக இருக்கும் இடத்தில் அதைத் தொட்டுச் செல்லும் கோட்டின் சாய்வுதான் அந்த 6 என்று காட்டியதும், கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு மாணவி வகுப்பு முடிந்து என் அறைக்கு வந்தாள். "மேம், நான் இதுவரை ஆயிரம் கணக்காவது போட்டிருப்பேன், இது ஒரு படம் என்று எனக்குத் தெரியாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. திறமையில் அவள் யாருக்கும் குறைந்தவள் அல்லள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அந்த மாணவர்கள் உனக்குச் சொல்வதில் நான் மிகவும் மதிப்பது, புரியாதபோது புரியவில்லை என்று சொல்லப் பழகு என்பதைத்தான். பள்ளியில் டவுட் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள், ஆசிரியர் எரிச்சல்படுவார், டெஸ்டுக்கு நேரமாகிவிடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழித்தோம், கல்லூரிக்கு வந்தபிறகு கேட்க வாயே வரவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் ஸ்டடி ஹவரில் ஆசிரியரிடம் நோட்டோடு போய் நில். 'இந்தக் கணக்கு வரவில்லை' என்று பொதுவாகச் சொல்லாதே. 'மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது' என்று குறிப்பாகக் கேள். அப்படிக் கேட்கும் பிள்ளையிடம் எரிச்சல்படும் ஆசிரியர் மிகக் குறைவு. இதை ஓர் ஆசிரியராகவே சொல்கிறேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அன்று படித்ததைப் பக்கத்துக் கட்டில் தோழிக்கு உன் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பார். எந்த இடத்தில் நாக்கு தடுமாறுகிறதோ அந்த இடம்தான் உனக்குப் புரியாத இடம்.

அவர்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. 'மார்க்கெல்லாம் முக்கியமில்லை, அதற்காக அழாதே' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அழாதே என்பது சரி. முக்கியமில்லை என்பதை, நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தபிறகு சொல்வது எளிது. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் 50க்குச் சுருக்கப்பட்டு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 என்றால் 92, 44, 42 சேர்ந்து 178. இதில் அரை மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசையில் நூற்றுக்கணக்கானவர்கள் உனக்கு முன்னால் போய்விடுவார்கள். ஆகவே மதிப்பெண்ணும் வேண்டும். புரிந்து படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

பள்ளியிலேயே கோடிங் படித்திருக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களும் இப்போது அதிகம். உனக்கு ஆர்வம் இருந்தால் விடுமுறையில் பைத்தான் கற்றுக்கொள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது கல்லூரியில் முதல் ஆண்டிலேயே அடிப்படையிலிருந்து சொல்லித்தரப்படுகிற பாடம். பிளஸ் ஒன் கணிதத்தையோ அங்கே யாரும் திரும்ப நடத்த மாட்டார்கள். உன்னிடம் இருக்கும் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

படிக்கும்போது எனக்கு வருத்தம் தருபவை வேறு சில தாள்கள். 'இப்படி ஒரு கல்லூரி இருப்பதே எனக்குத் தெரியாது' என்று எழுதப்பட்டவை அவை. இன்ஜினீயரிங், மெடிக்கல் என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதையும் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கணிதத்தின்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு மாணவர், சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தைப் பற்றி என் வகுப்பில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கென்று தனி நுழைவுத்தேர்வு உண்டு. அறிவியல் ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதற்கும் தனித் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கட்டடக்கலைக்கு நாட்டா என்ற தேர்வு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே, பொதுத்தேர்வு முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். மே மாதம் மதிப்பெண் பட்டியலோடு தேடத் தொடங்கினால் கதவுகள் பலவும் அடைபட்டிருக்கும். இவற்றில் எதையும் நீ எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டாம் என்று சொல். பக்கத்து வீட்டு அண்ணன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தார் என்பதற்காக நீயும் அதையே எடுப்பதில் எனக்கும் அப்பாவுக்கும் விருப்பமில்லை.

விடுதியில் எப்போது எழுவது, எப்போது படிப்பது, எந்த நாளில் எந்தத் தேர்வு என்பதையெல்லாம் மற்றவர்களே உனக்காக முடிவுசெய்கிறார்கள். அது இப்போது வசதியாகத்தான் இருக்கும். கல்லூரி விடுதியில் இரவு பத்து மணிக்கு உன்னை யாரும் மேசையில் உட்கார வைக்க மாட்டார்கள். இதுபோன்ற பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்கள்தாம் முதல் இன்டர்னலில் அதிகம் திணறுகிறார்கள். மணி அடிக்காமல் புத்தகத்தை எடுக்கத் தெரியவில்லை என்று அவர்களே எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் ஒரு மணி நேரத்தை உனக்கென்று வைத்துக்கொள். அதில் எந்தப் பாடத்தைப் படிப்பது, எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை நீயே முடிவுசெய். கதைப் புத்தகம் படிக்கத் தோன்றினாலும் படி, தவறில்லை.

தூக்கத்தைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதை நான் விரிக்கவில்லை. விளக்கணைத்த பிறகு டார்ச் வைத்துப் படிக்காதே என்று மட்டும் சொல்கிறேன். தோழிகளின் மதிப்பெண்ணோடு உன்னுடையதை ஒப்பிட்டு அவர்களிடமிருந்து விலகிவிடாதே. பள்ளித் தோழமையை மதிப்பெண் போட்டியில் தொலைத்துவிட்டோம் என்று எழுதும் பிள்ளைகளின் எழுத்தில் உண்மையான துக்கம் இருக்கிறது.

காலாண்டு விடுமுறைக்கு வரும்போது கணிதத்தின் இரண்டு தொகுதிகளையும், இதுவரை எழுதிய தேர்வுத் தாள்களையும் மறக்காமல் எடுத்து வா. அணிகளிலிருந்து தொடங்கி, நாளைக்கு ஒரு பகுதியாக இருவரும் சேர்ந்து போடலாம். வேதியியலுக்கு அப்பா உட்காருவார். பிளஸ் ஒன் பாடங்களை முழுமையாக நடத்தித் தரும்படி உங்கள் முதல்வருக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதுகிறோம். உன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் அதில் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள் என்பதால் உன்னைத் தனியாக யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால், அம்மாவிடம் பேசுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா