செயலாளரின் ஆண்டறிக்கை: மலைச்சாலைகளில் ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயலவை நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சிங்கப்பூர் சைக்கிள் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து, "ஈஸ்ட் கோஸ்ட், சாங்கின்னு சமதளத்துலயே எத்தனை நாள் ஓட்டுறது? ஒரு மலையாவது ஏற வேண்டாமா?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கைதட்டல் அடங்குவதற்குள் அது தீர்மானமாகிவிட்டது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்பதைப் பற்றியதுதான். மற்றவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செயலவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு குடும்பத்தினருக்கான சவாரி பழைய ரயில் பாதையில் தவறாமல் நடந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே 24 கிலோமீட்டர் நீளும் அந்தத் தடத்தில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோனது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் பாதையைச் சீராகவே அமைத்திருக்கிறார்கள்; பிள்ளைகளை அழைத்துப்போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சாலைச் சவாரிகளில் 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் விதியைக் கறாராகப் பின்பற்றினோம். ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர், அதற்கு மேல் ஒரு குழுவில் கிடையாது. இரண்டு குழுக்களுக்கு நடுவே இரண்டு விளக்குக் கம்பத் தொலைவு, அதாவது ஏறக்குறைய 30 மீட்டர் இடைவெளி. முன்பு முணுமுணுத்தவர்கள்கூட இப்போது இதைப் பழகிக்கொண்டார்கள்.

சரி, மலைக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் மலை ஏறப் பழகுவது எப்படி? நம் நாட்டின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா, சுமார் 163 மீட்டர். அதன் உச்சிப் பாதை நடப்பவர்களுக்கு உரியது. ஆகவே சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மவுண்ட் ஃபேபர் குன்று என்று முடிவு செய்தோம். நாம் ஏறும் பக்கத்தில் அடியிலிருந்து உச்சிவரை கிட்டத்தட்ட 75 மீட்டர் உயரம் கிடைக்கும். ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. முதல் வாரம் மூன்று முறை ஏறியதற்கே பலர் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். நான்காவது மாதம் பத்து முறை சாதாரணமாகிவிட்டது. இடையிடையே கெண்ட் ரிட்ஜ், சவுத் புவன விஸ்தாவின் வளைவுகள், ரைஃபிள் ரேஞ்ச் ரோட்டின் மேடுபள்ளங்கள்.

இந்தப் பயிற்சியில் ஒரு குறை உண்டு. அது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. ஃபேபரில் நாலைந்து நிமிடம் மூச்சிரைக்க மிதித்தால் உச்சி வந்துவிடும், இறக்கத்தில் ஓய்வு கிடைத்துவிடும். மலேசிய மலைச்சாலைகளில் அந்த ஓய்வு வராது.

மார்ச் மாதம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போனோம். ஹார்பர்ஃபிரண்டில் படகேறி, பாத்தாம், ரெம்பாங், காலாங் தீவுகளை ஆறு பாலங்களால் இணைக்கும் பாரேலாங் சாலையில் ஓட்டினோம். உயரம் அதிகம் இல்லை. ஆனால் ஒரு மேடு முடியும் இடத்திலேயே அடுத்த மேடு கண்ணில் படும். மரநிழல் குறைவு. காலாங்கில் 1979 முதல் 1996 வரை வியட்நாமிய அகதிகள் தங்கியிருந்த முகாமைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எல்லாரிடமும் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. எங்களுக்கு அது ஒரு முன்னோட்டம், அவ்வளவுதான்.

ஜூன் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் ஃபிரேசர் மலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தவறு நடந்தது இங்கேதான், சங்கம் மாறியதும் இங்கேதான்.

கோலகுபு பாருவிலிருந்து புறப்பட்டால் சிலாங்கூர் ஆற்று அணையின் ஏரியை ஒட்டிச் சாலை மேலேறுகிறது. 'கேப்' என்ற இடம் வரை சுமார் 30 கிலோமீட்டர், அங்கிருந்து உச்சிக்குக் குறுகலான சாலையில் இன்னும் 8. முதல் பகுதி ஏறுவதே தெரியாத ஏற்றம். காடு இரண்டு பக்கமும் கூரை மாதிரி வளைந்து நிற்கிறது. காலைக் குளிர்ச்சி வேறு. எல்லாருக்கும் உற்சாகம். சாங்கியில் ஓட்டுவதுபோல் ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னவர் வேகத்துக்குப் பின்னவர் என்று பறந்தோம். வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டியவன் நான். செய்யவில்லை.

கேப்புக்குக் கொஞ்சம் கீழே, 1951 அக்டோபர் 6ஆம் தேதி மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்ட வளைவு இருக்கிறது. அங்கே நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று திட்டம். முன்னால் போன ஏழு பேர் நின்றோம். பின்னால் வர வேண்டிய மூவரைக் காணோம். இருபது நிமிடம் கழித்து நான் திரும்பி இறங்கிப் போனேன். ஒரு தம்பி சாலையோரம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு அண்ணன் அவர் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கா, மலை வேண்டும் என்று கேட்ட அதே அக்கா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. காலையில் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்றார்.

"தம்பி, நீங்க போங்க. நான் மெதுவா வந்துடுறேன். என்னால எல்லாருக்கும் தாமதமாகுது."

"இல்லக்கா, சேர்ந்தே போவோம்" என்றேன். ஆனால் அவர் தனியாக வந்த அந்த இருபது நிமிடங்கள் இன்றுவரை என்னை உறுத்துகின்றன.

ஏன் இப்படி ஆனது என்று அன்றிரவு மலைமேல் உட்கார்ந்து பேசினோம். சமதளத்தில் சைக்கிளோட்டியின் பெரிய எதிரி காற்று. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றைப் பிளந்து கொடுக்கிறார், பின்னால் இருப்பவருக்கு நிறைய வேலை மிச்சமாகிறது. பலவீனமானவரையும் கூட்டம் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். மலையில் வேகம் மணிக்கு ஏழு, எட்டு. அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அவரவர் உடல் எடையை அவரவர்தான் மேலே தூக்க வேண்டும். முன்னால் யார் போனாலும் பின்னால் இருப்பவருக்கு ஒரு பயனும் கிடையாது. அதாவது, ஈஸ்ட் கோஸ்டில் நாம் செய்யாமலேயே நடந்துகொண்டிருந்த உதவி, மலையில் நாமாகச் செய்தால்தான் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஓட்டுகிறோம், இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இறக்கத்தில் இன்னொரு பாடம். ஒருவர் பயத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியதில் ரிம் சூடேறி, டியூப் வெடித்துவிட்டது. நல்ல வேளை, மெதுவாகப் போனதால் விழவில்லை. வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். ரிம் ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இப்போது ஃபேபரில் ஏறுவதற்குச் சமமாக இறங்கவும் பழகுகிறோம்.

திரும்பி வந்ததும் மூன்று விஷயங்களை மாற்றினோம். முதலாவது கியர். பலருடைய சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் உள்ளவற்றில் பெரியதில் 25 பல். இதில் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் பெடல் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலை நசுக்கும். முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் அதே வேகத்தில் 60 சுற்று. கால் இலகுவாகச் சுழலும். "அது கிழவர்கள் கியர்" என்று தயங்கிய இளைஞர்களும் கடைசியில் மாற்றிக்கொண்டார்கள். உதிரிப் பாகங்களை மொத்தமாக வாங்கிச் செலவைக் குறைத்துத் தந்தவர் பொருளாளர்.

இரண்டாவது சாப்பாடு. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் மலையில் காலம் கடந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை எல்லாரும் ஏதாவது வாயில் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலைமிட்டாய். உறுப்பினர் ஒருவரின் அம்மா செய்து கொடுத்த எள்ளுருண்டைதான் எல்லாவற்றிலும் முதலில் தீர்ந்தது. தண்ணீரோடு உப்பும் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு மலைப்பயணத்திலும் நன்றாக ஏறக்கூடிய இருவர் கடைசியில்தான் வர வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லாரும் நின்று, கடைசி ஆள் வந்து, அவரும் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகே கிளம்ப வேண்டும். இந்த இரண்டாம் பகுதி அந்த அக்கா சொன்னது. "முன்னாடி போனவங்க நல்லா ஓய்வெடுத்துட்டு, நான் வந்ததும் கிளம்பிடுறீங்க. எனக்கு ஓய்வே இல்லையே" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு.

செப்டம்பர் விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா 59 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். ஃபேபரை இறங்காமல் பத்தொன்பது முறை ஏறுவதற்குச் சமம். விடியுமுன்பே விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். லாத்தா இஸ்கந்தர் அருவியில் முதல் பெரிய நிறுத்தம், முகம் கழுவினால் உயிர் வந்த மாதிரி இருந்தது. நூறு மீட்டர் ஏறினால் அரை பாகைக்குச் சற்று அதிகமாகக் குளிர்கிறது. ரிங்லெட் வந்தபோது வியர்வை காய்ந்து மேற்சட்டை தேவைப்பட்டது.

மேற்சட்டைகள் வேனில் இருந்தன. வேன் வரவில்லை. நாங்கள் வாடகைக்கு அமர்த்திய வண்டி இரண்டு மணி நேரம் தாமதம், தொலைபேசியையும் எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் ஒண்டிக்கொண்டு, இருந்த இரண்டு மேற்சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். இனிமேல் மழைச்சட்டையும் ஒரு வேளைக்கான உணவும் அவரவர் சைக்கிளிலேயே இருக்க வேண்டும். செலுத்திய தொகையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுவிட்டோம்.

மழை விட்டதும் கடைசிப் பகுதி. அதில் யாரும் யாரையும் முந்தவில்லை. தோட்டத்து வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் அது. வழியில் ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்கேருந்து சைக்கிள்ல வர்றீங்க?" என்று தமிழில் விசாரித்து, ஆளுக்கொரு டம்ளர் சுடச்சுடத் தேநீர் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தானா ராத்தாவுக்கு முதலில் நுழைந்தவர் அந்த அக்கா. நாங்கள் வழிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கடைசி மூன்று கிலோமீட்டரில் அவருடைய வேகம்தான் குழுவின் வேகமாக இருந்தது, அவர் முன்னால் போனார், நாங்கள் பின்னால் போனோம்.

இவை தவிர, ஊருக்குப் போயிருந்த ஒரு தம்பி நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தனியாக ஏறிவிட்டு வந்து, நவம்பர் சந்திப்பில் படங்களோடு விளக்கினார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது.

வரும் ஆண்டுக்குச் செயலவை பரிந்துரைப்பவை இவை. புதிதாக மலை ஏறுவோருக்கு ஃபேபரில் தனி வகுப்பு, அதை நடத்த அந்த அக்கா இசைந்திருக்கிறார். ஜூனில் மீண்டும் ஃபிரேசர் மலை. சென்ற முறை ஏற முடியாமல் வேனில் வந்த தம்பிக்கு அதில் முதலிடம். அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் சேலத்திலிருந்து ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவுகள். அது சரிவந்தால் கொல்லிமலை. நவம்பர், டிசம்பர் மழை மாதங்களில் மலேசிய மலைகளுக்குச் சங்கம் பயணம் ஏற்பாடு செய்யாது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் நிலச்சரிவு 31 உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்க முடியாது. இதில் விதிவிலக்கு கேட்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

சைக்கிள் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருவர் தேவை. முதலுதவி வகுப்புக்கு நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன, ஆறு வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். விடிகாலையில் எழுந்து கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்த வீட்டாருக்கும், வெள்ளிக்கிழமை இரவு சீக்கிரம் தூங்கவிட்ட பிள்ளைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்